மார்க்கர் சொன்ன விலை

ஃபிரிட்ஜின் நடுக் கண்ணாடித் தட்டை அவள் உருவி எடுப்பதற்குள், அதன் மேலிருந்ததெல்லாம் சமையலறைத் தரைக்கு வந்துவிட்டது. பால், தக்காளி, நேற்று மிஞ்சியது, கணவருடைய மருந்துப் புட்டிகள். தட்டைத் துண்டால் ஈரம் போகத் துடைத்தாள். அந்த வீட்டில் உண்மையிலேயே மேடுபள்ளமில்லாத பொருள் அது ஒன்றுதான். சாப்பாட்டு மேசையெல்லாம் அவர் கணக்கில் மலைப்பாதை.

"சீக்கிரம் கொண்டா. மூச்சு இருக்கும்போதே பாத்துடறேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லவே நடுவில் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவள் கணவரை எல்லோரும் மார்க்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பூல் கிளப்பில் மேசைத் துணியை இழுத்துக் கட்டி, புள்ளி எழுதி, பந்தை அடிக்கும் கோல்களான கியூக்களின் முனைக்குத் தோல் ஒட்டியே தலை நரைத்தவர். பழைய கியூ ஒன்று கைமாறுகிறதென்றால் விற்பவனும் வாங்குபவனும் சேர்ந்தே இந்த வீட்டுக்கு வருவார்கள். அவர் ஒரு விலை சொல்வார். அதற்கு மேல் பேரம் கிடையாது. இரண்டு பேருமே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனால்தான் விலை சரியாக இருக்கிறதென்று அர்த்தம் என்பார். கூலியும் வாங்க மாட்டார். பெரிய தர்மராஜா என்று அவள் பல தடவை முனகியிருக்கிறாள்.

இன்றைக்கு விற்க வந்திருப்பவன் அவளுடைய தம்பி. வேலை பார்த்த ஹோட்டலை இழுத்து மூடியபோது, கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக அங்கே விளையாட்டு அறையில் இருந்த கியூ ஒன்றை உறையோடு அவன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை விற்று ஒரு சைக்கிள் கடைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். வாங்க வந்தவர் வேன்காரர். பகலெல்லாம் சாமான் ஏற்றி, சாயங்காலம் கிளப்பில் ஆடுகிற மனுஷர். இரவல் கியூவிலேயே காலத்தை ஓட்டியவருக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

போன வாரம் அவள் கணவரிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். "ஒரே ஒரு தடவை என் தம்பிக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னா குடியா முழுகிடும்?"

"கட்டைக்கு மச்சான் உறவெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தட்டை அவர் மடிக்கு முன்னால் பலகை போட்டு வைத்தாள். தம்பி உறையைத் திறந்து கியூவின் இரண்டு துண்டுகளையும் எடுத்துத் தந்தான். அவனுக்கு விரல் வியர்த்திருந்தது. மார்க்கர் முன்துண்டைக் கண்ணாடியில் வைத்து உருட்டப் பார்த்தார். உள்ளங்கை பாதியில் நின்றுவிட்டது.

"நீ உருட்டு."

அவள் உருட்டினாள். கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோணல் இல்லை. பிறகு அடித்துண்டைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். திருகுக்குக் கீழே உள்ள வெள்ளை வளையத்துக்கு அருகில் விரல் நின்றது. மூச்சு வாங்கினார். விரல் மறுபடி நகர்ந்தது.

"பூட்டி, தரையில தட்டு."

இரண்டு துண்டையும் திருகிப் பூட்டி, அடிப்பக்கத்தைத் தரையில் மெல்லத் தட்டினாள். கட்டைக்குள்ளிருந்து ஜர்ரென்று ஓர் அதிர்வு அவள் கைக்கு வந்தது. காதுக்கும் வந்தது. நல்ல கியூ தட்டினால் டொக் என்று ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிடும். அதிர்ந்தால் உள்ளே எங்கேயோ ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, கால் விலைகூடப் பெறாது. இது அவளுக்கே தெரியும். முன்பெல்லாம் இந்தச் சத்தத்தைக் குளியலறையிலிருந்தே கேட்டு "அதைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லு" என்று கத்தியவர் அவர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கியூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் அந்தச் சத்தத்துக்குப் பொருள் தெரியாமல் மார்க்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பதாயிரம்" என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வேன்காரர் முகம் மலர்ந்து எழுந்தார். "நான் இன்னும் கூட இருக்கும்னு பயந்துட்டு வந்தேண்ணே. நாளைக்குக் காலையில பணத்தோட வரேன்."

"சரியான விலைதான்" என்றார் மார்க்கர். அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. விலை சொன்னதோடு வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம்.

அவர்கள் போனதும் அவள் கட்டிலருகே நின்றாள். நூறு தடவை சண்டை போட்ட மனுஷரிடம் இந்த ஒன்றைக் கேட்க வாய் வரவில்லை. "கேட்டுச்சா" என்று கேட்டால், காது போய்விட்டது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. "எனக்காகச் சொன்னீங்களா" என்று கேட்டால் அதைவிடக் கொடுமை.

"பால் திரிஞ்சிடும், தட்டைக் கொண்டுபோய் மாட்டு" என்றார்.

தட்டு அன்றைக்கென்று பள்ளத்தில் உட்காரவில்லை. அதைத் தள்ளி, தட்டி, பாத்திரங்களை அடுக்கும்போதே எப்படிக் கேட்பது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக ஒன்று அகப்பட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் வீடு கொள்ளாத கூட்டம். கிளப் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நேற்று நடந்தது அதற்குள் கதையாகிவிட்டிருந்தது. உயிர் போகிற நாளில்கூட எழுந்து உட்கார்ந்து விலை சொன்னாராம், சரியான விலை என்று தன் வாயாலேயே சொன்னாராம். சொல்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தம்பி சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, வளையத்துக்குக் கீழ விரிசல் இருந்துச்சு. பசை வெச்சு ஒட்டி, மேல பாலீஷ் போட்டேன். வேற யாரை ஏமாத்தினாலும் மாமா விரலை ஏமாத்த முடியுமா? தெரிஞ்சேதான் சொல்லியிருக்காரு. எனக்காக."

"அவருக்குக் காது கேக்கலடா."

"விரல் நின்னுச்சே, நீ பாக்கல?"

"மூச்சு வாங்க நின்னுச்சு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் நிச்சயமில்லை. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியிருந்தால், கடைசியில் அவருடைய வித்தையே அவரைக் கைவிட்டிருக்கிறது. சறுக்கவில்லையென்றால், வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய ஒன்றை அவள் நச்சரிப்புக்காகத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எது பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வேன்காரர்கிட்ட உண்மையைச் சொல்லிடு" என்றாள்.

"சொல்லலாம்கா. சொன்னா மாமாவுக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆகும், இல்ல எனக்காகப் பொய் சொன்னாருன்னு ஆகும். நடு வீட்ல அவரை வெச்சுக்கிட்டு எதைச் சொல்லட்டும்?"

சைக்கிள் கடை அவனை அப்படிப் பேச வைத்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவன் சொன்னது பொய்யாகிவிடவில்லை.

அவளே போனாள். வேன்காரர் தன் வேனைக் கழுவி, உள்ளே புதுப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். மார்க்கரைத் தன் வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அவளைக் கண்டதும் இறங்கி வந்து சட்டைப்பைக்குள்ளிருந்து பணம் போட்ட உறையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"தம்பிகிட்ட குடுத்துடுங்க அண்ணி. அண்ணன் சொன்ன விலை, ஒரு காசு குறையல. அவர் சொன்ன கணக்கைப் பாக்கி வெச்சு அவரை அனுப்பக் கூடாது."

"அதை வாங்காதீங்க" என்றாள். "உள்ள விட்டுப்போயிருக்கு. தட்டினா அதிருது. நான்தான் தட்டினேன், என் காதால கேட்டேன்."

அவர் குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டீங்க. எங்கம்மா போனப்ப எனக்கும் என்னென்னவோ சத்தம் கேட்டுச்சு. மார்க்கருக்குத் தெரியாததா உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சிடப்போகுது?"

"இல்லீங்க, நிஜமாவே..."

பக்கத்தில் நின்ற கிளப் முதலாளி தொண்டையைக் கனைத்தார். "கேக்கறனேன்னு தப்பா நினைக்காதப்பா. நாப்பது தரேன், எனக்கு விட்டுடு. அவரு கடைசியாப் பாத்த கியூ. கிளப் சுவத்துல மாட்டிடறேன்."

"லட்சம் குடுத்தாலும் இல்லீங்க" என்றார் வேன்காரர். "நான் அதுலதான் ஆடப்போறேன்."

அவள் கையில் உறையோடு நின்றாள். ஒரே ராத்திரியில் ஓர் ஓட்டைக் கியூ பத்தாயிரம் ஏறியிருந்தது. இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். உள்ளே போய்த் தம்பியிடம் உறையை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

வாசலில் வேன் உறுமத் தொடங்கியது. "முகம் பாக்கறவங்க பாத்துக்கங்க, நேரமாச்சு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தூக்குகிறவர்கள் நான்கு பக்கமும் வந்து நின்றார்கள். அவளை முன்னால் விட்டார்கள். அழுது புரளுவாள் என்று பிடித்துக்கொள்ள இரண்டு பெண்கள் தயாராக இருந்தார்கள்.

அவள் அழவில்லை. முட்டி போட்டு, குனிந்து, அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

பிறகு தலையைத் திருப்பி, தன் காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்த வேன்காரர், திரும்பிப் போய் எஞ்சினை அணைத்தார்.