பதிமூன்றாம் தேதி சன்னல்

எமென்டால் மலையில் அந்த ஊருக்கு ஒரு வழக்கம். டிசம்பர் பிறந்தால், கிறிஸ்துமஸை வரவேற்க, நாளுக்கொரு வீடு தன் சன்னலை அலங்கரித்துத் திறக்கும். ஊரே வந்து பார்த்துவிட்டு, சூடாகச் சூப் குடித்துவிட்டுப் போகும். பதிமூன்றாம் தேதி ரெகுலாவின் வீட்டுக்கு விழுந்திருந்தது. மாமனார் காலத்துப் பண்ணை வீடு அது; பரணில் கிடந்த பழசையெல்லாம் இறக்கிவிட்டாள். வெண்ணெய் கடையும் மரக்குடம், பனிச்சறுக்கு வண்டி, துருப்பிடித்த லாடங்கள்.

எமில் ஊசியிலைக் கிளைகளைச் சுமந்து வந்து போட்டார். எழுபத்துநாலு வயது, ரோடு போட்டே தேய்ந்த முழங்கால். ரெகுலா நல்லவள், அவள் கேட்டாள் என்பதற்காகத்தான் இந்த வீட்டுப் படியேறினார். நிமிர்ந்தபோது பார்த்தார். சன்னல் நடுவில், சிவப்பு நாடாவில், ஒரு வெள்ளாட்டு மணி.

"அழகா இருக்குல்ல, எமிலய்யா? ஆட்டிப் பாத்தா சத்தமே வரல. உள்ள யாரோ கந்தலைத் திணிச்சிருக்காங்க. இப்பதான் பிடுங்கிப் போட்டேன்."

அந்தக் கந்தல் அவருடைய சட்டைக் கை. ஆறு வயதில், அப்பா செத்த மாதம், ஊராட்சிக்காரர்கள் ஏழைப் பிள்ளையென்று அவரை இந்தப் பண்ணை வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஓடிவிடக் கூடாதென்று கழுத்தில் அந்த மணி. பண்ணைக்காரர் மகன் வெர்னருக்கும் அதே வயதுதான். அவன் மணியை ஆட்டினால் எழுந்து, அவன் உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோல்வாரால் அடி. ஒன்பது வயதில் சட்டைக் கையைக் கிழித்து மணிக்குள் அடைத்துக்கொண்டு ஓடினார். பிடித்து வேறு பண்ணைக்கு அனுப்பினார்கள். மணி பரணுக்குப் போனது.

"அதை மட்டும் கழட்டிடும்மா. ஆளுங்க வர்றதுக்குள்ள."

"ஏன்? அதுதானே எடுப்பா இருக்கு!"

சன்னலோரம் நாற்காலியில் இருந்த அவள் மாமனார் வெர்னர் சிரித்தார். "எங்ககிட்ட ஒரு ஆடு இருந்துச்சும்மா. படுக்கையிலயே மூத்திரம் போகும்."

"ஆட்டுக்கு ஏது படுக்கை, மாமா?"

"வைக்கோல்தான். ரெண்டு கால் ஆட்டுக்கு அது போதாதா?"

"அந்த ஆடு நான்தாம்மா," என்றார் எமில். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரெகுலா வாயைப் பொத்திக்கொண்டாள். மணியைப் பார்த்தாள். வாசலில் கூடத் தொடங்கிய லாந்தர்களைப் பார்த்தாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதே! ஆனா இப்ப எடுத்தா நடுவுல மொட்டையா இருக்குமே, ஐயா. பண்டிகை முடியற ஜனவரி ஆறு வரைக்கும் யாரும் சன்னலைக் கலைக்கவும் மாட்டாங்க. ஏழாந்தேதி உங்க கையிலயே குடுத்துடறேன், சரியா? உக்காருங்க, சூப் குடிங்க."

உட்கார்ந்தார். கிண்ணம் கையில் சுட்டது. சன்னல் கதவுகள் திறந்தன, வெளியே ஊர் 'ஆகா' என்றது. வெர்னர் கைத்தடியை நீட்டி மணியைத் தட்டினார்.

எமில் எழுந்து நின்றார். சூப் முழுக்கக் காலில் கொட்டியது.

"பாத்தியாம்மா," என்றார் வெர்னர். "ஆடு மறக்கல."

உட்காரச் சொல்லி வெர்னர் வாய் திறக்கவில்லை. எமில் நின்றுகொண்டே இருந்தார்.