இல்லாத காமாலை

"காமாலை எறங்கிச்சா தம்பி?" என்று முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார் கைலாசம்.

ஏலவார்குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸுக்கு எத்தனையோ பஸ் இருக்க, இந்த மனுஷன் இதில்தானா ஏற வேண்டும்? அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இவர் தலையாட்டினால்தான் தட்டு மாற்றுவார்கள்.

"பரவால்லீங்க. மெட்ராஸ்ல ஒரு தபா காட்டிட்டு வரலாம்னு" என்றார் அப்பா கலியாணசுந்தரம், பல்லெல்லாம் தெரிய.

அவள் தம்பி மயில்வாகனத்துக்குக் காமாலையே கிடையாது. அந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில் தெருவிலேயே காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருத்தன்தான். மூன்று மாதமாகத் தூங்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவான். "தல உள்ள தறி ஓடிக்கினே இருக்குதுக்கா, நிறுத்தத் தெரியல" என்று அவளிடம் மட்டும் சொன்னான். பையன் ஏன் காலேஜ் போகவில்லை என்று தெரு கேட்டபோது, காமாலை என்று அப்பா சொல்லிவைத்தார். நல்ல தெரு. மறுநாளே ஆளுக்கொரு பிடி கீழாநெல்லியோடு வந்து நின்றார்கள். பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று அம்மா அதை அரைத்து மோரில் கலக்கி, வந்தவர்கள் கண்ணெதிரே அவனைக் குடிக்க வைத்தாள். அவனும் குடித்தான். தினமும் குடித்தான். உனக்கு என்னடா செய்கிறது என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டவர் காலேஜ் வாத்தியார் தேவசகாயம். அவனைத் தேடி வந்து, வாசலில் நின்றபடியே, "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க, கூட்டினு போங்க. நானும் போய் வந்தவன்தான். அதுக்கப்புறம்தான் தூங்கினேன்" என்றார். ஒரு மனுஷன் அதைக் காய்ச்சல் வந்துபோன கதைபோலச் சொல்லலாம் என்பதே குழலிக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பாவோ, அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, "பைத்தியத்துக்குப் பைத்தியம் சிபாரிசு" என்று துப்பினார். போன வாரம் கோயில் குளத்தில் புத்தகங்களை அணைத்தபடி கழுத்தளவு தண்ணீரில் நின்றவனைக் குழலி இழுத்து வந்த பிறகுதான் அப்பா ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். அதுவும் எவனுக்கும் தெரியாமல். தெரிந்தால் இவள் கல்யாணம் நின்றுபோகும். ஊர் கண்ணுக்காகத் தம்பி கையில் ஒரு பாட்டில் கீழாநெல்லிச் சாறு வேறு.

பூந்தமல்லியில் பஸ் நின்றதும் கைலாசம் எழுந்தார்.

"மெட்ராஸ் இன்னாத்துக்குபா? இங்க நம்ம வைத்தியர் இருக்காரு. கண்ணுல ரெண்டு சொட்டு வுடுவாரு, காமாலை ஓடிப்பூடும். எறங்குங்க, நானே கூட்டினு போறேன்."

ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று குழலி அப்பாவைப் பார்த்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்பிடியே செய்யலாங்க. டேய், எறங்கு."

மயில்வாகனமும் எழுந்தான். கீழாநெல்லி குடிக்கிற அதே முகம். கண்ணில் எதை ஊற்றினாலும் ஊற்றிக்கொள்வான்.

குழலி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அவனுக்குக் காமாலை இல்லீங்க. மனசு சரியில்ல. கண்டக்டர், நாங்க கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஸ்டாப்பு வந்தா சொல்லுபா."

பஸ் சிரித்தது. "யாருக்குமா, உனக்கா?" என்றான் பின்னால் ஒருத்தன்.

"எனக்கும்தான். உங்க வூட்ல எத்தினி பேருன்னு சொல்லு, சேத்துக் கூட்டினு போறேன்."

கைலாசம் அவளை ஒருமுறை பார்த்தார். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்பா அவர் பின்னாலேயே படிக்கு ஓடினார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில்.

"குடியக் கெடுத்துட்டியேடி!"

"இவன் குளத்துல நின்னானே, அன்னிக்குக் கெடலியா?"

"பெரியவரே, ஒண்ணு ஏறு, இல்ல எறங்கு" என்று கண்டக்டர் விசிலை ஊதினான்.

மயில்வாகனம் அக்காவின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டான். பாட்டிலின் தக்கையைப் பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கவிழ்த்தான். பஸ் நகர்ந்தது. சாறு தகரத்தில் பச்சையாக வழிந்து, காற்றில் சிதறி, படிக்கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது.