கையெழுத்துப் போடுகிற நாற்காலி

திண்டிவனத்தில் ஒரு மாடியறை, ஆறு கம்ப்யூட்டர். ஜெசிந்தாவுக்கு அங்கே டைப் அடிக்கிற வேலை. 2010 அக்டோபரில் வந்த கட்டு, அமெரிக்க மாநிலங்களில் அடுத்த மாதம் நடக்கவிருந்த தேர்தலில் துணை ஆளுநர் பதவிக்கு நிற்பவர்களின் பட்டியல். பெயரும் கட்சியும் அடித்தால் போதும். ஆனால் அவள் சும்மா இருப்பாளா? கூடவே வந்த குறிப்புகளையும் ஒன்றுவிடாமல் படித்தாள்.

பக்கத்துப் பாண்டிச்சேரிக்குத் துணைநிலை ஆளுநரை டெல்லியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவிலோ ஜனங்களே ஓட்டுப் போடுகிறார்களாம்! சில மாநிலங்களில் ஆளுநரும் துணையும் ஜோடியாக நிற்கிறார்கள். சிலவற்றில் தனித்தனி ஓட்டு.

"அண்ணா, ஆளுநர் ஒரு கட்சி, துணை எதிர்க்கட்சின்னு வந்துட்டா எப்டி ஒத்துப்போவாங்க?"

மேற்பார்வை பார்க்கும் தென்னரசு தலையில் அடித்துக்கொண்டான். "உன்னோட பேஜாராப் போச்சும்மா. படிச்சிக்கினு இருக்காத, பேரை அடி, ஜல்தி."

அவள் கேட்டதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் அம்மா லூர்துமேரி கோலியனூர் பக்கத்து ஊரில் பஞ்சாயத்துத் தலைவர், காலனிக்காரி. துணைத் தலைவர் விருத்தாசலம் ஊர்த்தெருக்காரர், வார்டு மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர். பஞ்சாயத்துச் செக்கில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். காலனிக்குக் குடிநீர்க் குழாய் வைக்கும் செக்கில் நாலு வருஷமாக அவர் கையெழுத்துப் போடவில்லை. கேட்டால் "பார்க்கலாம்" என்பார். பாவி மனுஷன்! காலனிப் பெண்கள் இன்னமும் குடத்தோடு வயல் மோட்டாருக்கு நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

"டெக்சாஸ்னு ஒரு மாநிலம்மா. அங்க மேல்சபையை நடத்துறதே துணை ஆளுநருதான். எந்தச் சட்டம் விவாதத்துக்கு வரணும், எது வரக்கூடாதுன்னு அவரு கையில. ஆளுநரைவிட அவருக்குத்தான் பவரு ஜாஸ்தின்னு எழுதிருக்காங்க."

"சின்னவருக்கா?" லூர்துமேரியின் கை நின்றது. "அவரை யாரு தேர்ந்தெடுக்கிறது?"

"ஜனங்க. நம்மூர்லதான் மெம்பருங்க ஒம்போது பேரு."

"அப்போ அஞ்சு பேரு போதும்" என்றாள் அம்மா. ஜெசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறு வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோதுதான் புரிந்தது. லூர்துமேரி தலைவர் பதவிக்கு எதிர்வீட்டு அம்சவள்ளியை நிறுத்திவிட்டு, தான் வெறும் வார்டு மெம்பருக்கு மனு கொடுத்தாள். ஊரே சிரித்தது.

"தோத்தா ரெண்டும் போச்சும்மா" என்று ஜெசிந்தா அழாத குறையாகச் சொன்னாள்.

"போவட்டும். இருந்து மட்டும் என்னாத்த கிழிச்சேன்?"

அம்சவள்ளி ஜெயித்தாள். லூர்துமேரியும் ஜெயித்தாள். காலனிக்கு அவளோடு சேர்த்து மூன்று மெம்பர்கள். லூர்துமேரி துணைத் தலைவராக இன்னும் இரண்டு ஓட்டு வேண்டும். ஊர்த்தெரு மெம்பர்கள் கிருஷ்ணவேணியையும் சின்னபொண்ணையும் தேடிப் போனாள். அவர்கள் தெருவிளக்கையும் விருத்தாசலம் "பார்க்கலாம்" என்றுதான் வைத்திருந்தார்.

துணைத் தலைவர் தேர்தலன்று ஜெசிந்தா லீவு போட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றாள். ஐந்துக்கு நாலு, அம்மா ஜெயித்தாள். விருத்தாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார்.

குழாய்க்கான செக்கில் அம்சவள்ளி முதலில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். லூர்துமேரி பேனாவைத் திறந்தவள், மகளைப் பார்த்தாள்.

"அந்த டெக்சாஸ்காரரு ஜெயிச்சாராடி?"

"பாக்கலியேம்மா."

"பாத்துச் சொல்லு" என்றாள். ஐந்து வருஷம் காலியாகவே கிடந்த இடத்தில் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.