ஜித்தா துறையில் ஒரு பச்சைப் பெட்டி

1

ஒரு தகரப்பெட்டியால் இந்தக் கதை பாதியில் நின்றது. 1958இல் திருச்சி ஜங்ஷனில், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களின் பெட்டிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பெரிய கடைவீதியில் வாங்கிய ஒரே மாதிரிப் பச்சைப் பெட்டிகள். கப்பலிலிருந்து இறக்கிக் குவித்தால் தன் பெட்டியை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: செங்கடல் அன்று காலை…

(நான் செங்கடலைப் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: பாலக்கரை ஆரிஃபா, அண்ணன் நிஜாமுதீனோடு புறப்படுகிறாள். பெட்டியில் வெள்ளைத் துணி. இறந்துபோன அத்தாவின் உடலைப் போர்த்தும் கஃபனுக்கு எடுத்ததில் மிஞ்சியது. அதை மக்காவின் புனித ஜம்ஜம் கிணற்று நீரில் நனைத்து, உலர்த்திக் கொண்டுவர வேண்டும். படுக்கையில் கிடக்கும் அம்மா தன்னை அதில்தான் அடக்கம் செய்யச் சொல்லியிருக்கிறாள்.

"நான் ஒண்ணும் அவசரப்பட மாட்டேன். நீ பதறாம போயிட்டு வா" என்றாள் அம்மா.

ஹாஜிகள் கப்பலிலிருந்து இறங்கும் ஜித்தா துறைமுகம் எப்படி இயங்குகிறது என்று சொன்னால்தான் சிக்கல் புரியும். வியாபாரிகளின் சர்க்கரை மூட்டை இறங்கும் அதே துறையில்தான் ஹாஜிகளின் பெட்டியும் இறங்கும். பின்னால் அடுத்த கப்பல் நிற்கும். முன்னால் மக்கா பஸ் நிற்கும். பஸ் கிளம்புவதற்குள் பெட்டி கிடைக்க வேண்டும். வேறு துணி வாங்கலாம். அத்தாவின் துணியை வாங்க முடியாது.

3

மூடியில் பெயர் எழுதினேன். ஆரிஃபா என்னையே கேட்டாள்: "மேல இன்னொரு பெட்டிய வச்சுட்டா?"

பக்கவாட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தால் என்றாள். கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டினேன். கப்பலேற பம்பாய் போவதற்குள் அறுந்துவிடும் என்று நிஜாமுதீன் சிரித்தார்.

யாரோ ஒரு நல்லவர் பெட்டியைத் தூக்கிவந்து கொடுக்கும் முடிவையும் எழுதிப் பார்த்தேன். [வெட்கமாக இருந்தது. கிழித்தேன்.]

4

ஸ்ரீரங்கத்தில் என் மேசைமேல் நாற்பது தீப்பெட்டிகளைக் கொட்டினேன்.* ஒரு பக்கம் முழுசாகத் தெரிந்த பெட்டிகள் கொஞ்சம்தான். ஆனால் மூலைகளைப் பாருங்கள்! அடியில் புதைந்தவை தவிர, ஒவ்வொன்றும் ஒரு மூலையையாவது நீட்டிக்கொண்டிருந்தது. மூலையில் மூன்று பக்கங்கள் சேர்கின்றன. அதில் நிறம் பூசினால் மூன்று திசையிலிருந்தும் தெரியும். புதைந்ததும், மேலே உள்ளவற்றை எடுக்க எடுக்க வெளியே வந்துவிடும்.

ஆரிஃபா யோசித்தாள். "ரயில் கிளம்புறதுக்குள்ள பெயின்ட் காஞ்சிடுமாங்க?"

ரயிலை இரண்டு நாள் தள்ளிவைத்தேன். எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

*அன்று வீட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தாமதமானது.

5

இப்போது அவள் துறையில் நிற்கிறாள். பஸ் ஹாரன் அடிக்கிறது. பெட்டி கிடைத்ததா என்று நான் எழுதப்போவதில்லை. அவள் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். தேட வேண்டியது இது: பச்சைப் பெட்டி, எட்டு மூலையிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட்.