மணிப்புறாக்களுக்கு வைத்த தட்டு

மின்கம்பத்திலிருந்து விழுந்த பிறகு லைன்மேனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் கட்டிலே கதி. பேச்சும் சுருங்கிப்போயிற்று, கேட்டால் ஒரு "உம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவன் மனைவி முன்னறையில் துணி தைப்பவள். மிஷின் நின்ற நேரமெல்லாம் பின்னறைப் பக்கம் காதை வைத்திருப்பாள். அங்கே ஒரு சத்தமும் இருக்காது.

அவன் ஜன்னலுக்கு வெளியே கையகலத் தோட்டம், நடுவில் ஒரு கொய்யா மரம். ஒருநாள் மனசு கேட்காமல், பழைய எவர்சில்வர் தட்டில் கம்பு கொட்டி, கயிறு கட்டிக் கிளையில் தொங்கவிட்டாள். கீழே ஒரு சட்டியில் தண்ணீர். முதலில் சிட்டுக்குருவிகள் வந்தன. பிறகு மணிப்புறாக்கள், ஜோடி ஜோடியாக.

லைன்மேன் வாயைத் திறந்தான்.

"அந்தக் குண்டன் வந்துட்டான் பாரு. யாரையும் கிட்ட சேர்க்க மாட்டான்."

"உங்க அக்கா புருஷன் மாதிரியா?"

அவன் சிரித்தான். அவள் கையிலிருந்த துணியோடு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அப்புறம் அந்தத் தட்டைக் காலியாகவே விடவில்லை. ஆனால் தையல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. மீந்ததை எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தானியத்தைக் கொட்டினாள். மழை பெய்ததில் அடியில் கிடந்தது ஊறிப் புளித்தது. எச்சம் விழுந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மறுபடி ஊற்றினாள். பறவைதானே என்று நினைத்தாள்.

ஒரு காலை, துணி காயப்போடப் போனபோது மரத்தடியில் ஒரு புறா செத்துக் கிடந்தது. பூனை கடித்த தடம் எதுவும் இல்லை. கழுத்து வீங்கி, அலகோரம் பிசுபிசுவென்று ஒழுகியிருந்தது. செடிகளை விலக்கினால் இன்னும் சில, எறும்பு மொய்த்துக் கிடந்தன. ஒன்று மட்டும் உயிரோடு, உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையை நீட்டியும் பறக்கவில்லை.

அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். தொண்டையை அடைத்துக்கொண்டு மஞ்சளாக ஏதோ இருந்தது.

"இதால முழுங்க முடியாது. பட்டினியிலதான் சாகும். வீட்ல தீனி வைக்கிறீங்களா?"

"ஆமாங்க."

"ஒண்ணு கக்கினதை இன்னொண்ணு திங்குது. ஒரே தட்டு, ஒரே தண்ணி. ரெண்டையும் உடனே எடுத்துடுங்க. எல்லாம் கலைஞ்சு போகட்டும்."

டாக்டரம்மா போட்ட ஊசியில் புறாவின் உயிர் அங்கேயே அடங்கிப்போயிற்று.

வீட்டுக்கு வந்து கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். லைன்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"போன வாரமே ஒண்ணு விழுந்துச்சு. கொத்திக் கொத்திக் கீழ போட்டுது, உள்ள இறங்கல. அப்படியே சாய்ஞ்சிடுச்சு. அப்புறம் அந்தக் குண்டன்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா தட்டை எடுத்துடுவே."

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யார்மேல் காட்டுவது? கழுவாமல் விட்டது அவள்தானே. வெளியே போய்க் கயிற்றை அறுத்தாள். சட்டியைக் கவிழ்த்தாள். செத்தவற்றை மண்வெட்டியால் அள்ளிக் குழியில் போட்டு மூடினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மிச்சமிருந்த புறாக்கள் வெறுங்கிளையில் வந்து உட்கார்ந்து பார்த்தன. சில நாளில் வருவதை நிறுத்திக்கொண்டன. லைன்மேன் பழையபடி "உம்" ஆனான். சாப்பாடும் பாதிதான் இறங்கியது. அவள் மிஷினை அவன் அறைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் அதையும் பார்க்கவில்லை.

மழைக்காலம் போனதும் தட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். அதை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே தினமும் கழுவிடறேங்க. கட்டவா?"

அவன் ஜன்னல் வழியே வெறுங்கிளையைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான். "இன்னொண்ணு விழுந்தாலும் நான் சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். நூல் ஊசிக்குள் நுழைய மறுத்தது. எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி கோத்தாள், மறுபடியும் வழுக்கியது.

"லைட்டைப் போட்டுக்கோ," என்றான் அவன்.