சும்மா இருக்க வேண்டிய வேலை

தன்னலமற்ற தொண்டு என்ற ஒன்று இந்த உலகத்தில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால் அது எங்கள் ஊர் மோட்டார் அறையில்தான் என்று, மேடை கிடைக்கும்போதெல்லாம் நலச்சங்கத் தலைவர் சொல்வார். அந்த அறைக்குக் கதவு கிடையாது. சங்கக் கட்டிடத்தின் மாடிக் கக்கூசுக்குக் கதவு வேண்டும் என்று அதைக் கழற்றிக்கொண்டு போனதும் அதே தலைவர்தான்.

அந்த அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் மெக்கானிக். நேரில் 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'செருப்பு'. மோட்டாரில் ஒழுகல் கண்டால் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டுவிடுவார். ஊரில் யாருக்காவது செருப்பு காணாமல் போனால் முதலில் மோட்டார் அறையில்தான் தேடுவார்கள். பிழைப்புக்கு ஒரு மின்விசிறி ரிப்பேர் கடை வைத்திருந்தார். மோட்டார் படுக்காத நாளில்தான் கடை திறக்கும். ஆகவே அது பெரும்பாலும் மூடியே கிடந்தது.

மோட்டார் கிணற்றிலிருந்து இழுத்து நேரே தெருக்குழாய்களுக்குத் தள்ளும். பள்ளத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் வந்தது. மேட்டுத் தெருவுக்கு ஏற அதற்குத் தெம்பில்லை. மெக்கானிக்கின் வீடு மேட்டுத் தெருவின் கடைசி வீடு. சமையலறைக் குழாயில் அவர் மனைவி காய்கறிப் பையை மாட்டி வைத்திருந்தாள். பள்ளத்திலிருந்து குடம் சுமந்து சுமந்து அவளுக்கு இடுப்பு போயிருந்தது. இனி ஒரு குடம் தூக்கினாலும் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் எச்சரித்தபோது, "அப்ப தண்ணிய யாரு தூக்குறது டாக்டர், நீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் கொடுத்த இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு நேரே குழாயடிக்குத்தான் போனாள்.

புதிய பெரிய மோட்டார் வந்தால் மேட்டுத் தெருவுக்கும் தண்ணீர் ஏறும். ஆனால் பழையது இனிமேல் தேறாது என்று மேலிடத்து அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை அதிகாரி வந்தபோது மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை ஓடியதோடு, பச்சை பெயின்டும் அடித்திருந்தது. "விருந்தாளி வர்ற நேரத்துல வீட்ட அழுக்கா காட்டுறதா?" என்றார் மெக்கானிக்.

மூன்றாம் தடவை தெய்வமே இறங்கி வந்தது. அதிகாரி வருவதற்கு முதல் நாள் மோட்டார் தானாகவே நின்றுபோனது. தலைவர் மெக்கானிக்கைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"இத்தன வருசம் ஊருக்காக உழைச்சே. நாளைக்கு ஒரு நாள் ஊருக்காக உழைக்காம இரு. அதுதான் பெரிய தொண்டு."

"ஒழுகல் மட்டும்தாங்க. ஒரு வாஷர்…"

"வாஷர்னு வாயத் தொறந்தே, சங்கத்த விட்டே தூக்கிடுவேன்!"

வீட்டில் மனைவி ஸ்பேனர் பையை அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

"ஏங்க, உங்கள நான் ஒண்ணும் செய்யச் சொல்லல. செய்யாம இருங்கன்னுதான் சொல்றேன். என் இடுப்பு மேல சத்தியமா கைய மடில வச்சுக்கிட்டு உக்காருங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா ஒரு பொம்மையக் குடுத்து உக்கார வச்சிருப்பேனே!"

மறுநாள் சங்கக் கட்டிடமே துக்க வீடு போல ஜோடிக்கப்பட்டிருந்தது. பஞ்சம் தத்ரூபமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கட்டிடத்தில் இருந்த வாளி, குடம், கூஜா எல்லாவற்றையும் தலைவர் கவிழ்க்கச் சொல்லிவிட்டார். வாசல் குழாய்க்கு முன்னால் காலிக் குடங்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. வரிசையில் முதல் ஆள் தலைவரின் மனைவி, இருந்ததிலேயே பெரிய டிரம்மோடு.

அதிகாரி ஒரு பெரிய வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தார். அதைக்கொண்டு நெற்றியை ஒற்றினார், நாற்காலியைத் தட்டினார், மோட்டாரைத் தொட்ட விரலைத் துடைத்தார். "இது பழைய இரும்புக்குத்தான் போகும். சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் திட்டக் கேட்டவர் போல மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். வரிசையிலிருந்து மனைவி கண்ணாலேயே அவரை நாற்காலியில் உட்கார்த்தினாள். கைப்பிடி வைத்த நாற்காலி, அதிகாரிக்குப் பக்கத்திலேயே. வாழ்நாளில் முதல் முறையாக அவருக்கு மேடையில் இடம். அவரை எழுந்திருக்க விடாமல் செய்வதற்குத் தலைவர் கண்டுபிடித்த வழி அது.

சாப்பாடு பலமாக நடந்தது. அதைவிடப் பலமாகத் தலைவரின் பேச்சு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதிகாரி நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். முகம் வெளுத்தது. மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

"ஏம்ப்பா… பாத்ரூம் எங்க?"

"மாடில சார். கதவுகூட இருக்கு."

"தண்ணி வருமா?"

அதிகாரி என்று ஒருவர் மெக்கானிக்கிடம் எதையாவது கேட்டது இதுதான் முதல் தடவை. அதிலும் தண்ணீரைக் கேட்டுவிட்டார். மடியில் இருந்த இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன.

"நீங்க போங்க சார். இதோ, வந்துடும்."

அதிகாரி படிகளில் தாவி ஏறினார். மெக்கானிக் பின்வாசல் வழியாக மோட்டார் அறைக்கு ஓடினார். பை இல்லாவிட்டால் என்ன, காலில் செருப்பு இருந்தது. பக்கத்துக் கடையில் பிளேடு வாங்கி ஒன்றை வட்டமாக வெட்டி, கல்லால் தட்டி உட்கார வைத்தார். இனி பம்புக்குள் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அது காற்றைத்தான் இழுக்கும். கட்டிடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஒற்றைச் செருப்போடு மேட்டுத் தெருவுக்கு ஓடி, மனைவி நேற்று கடைசியாகச் சுமந்து வைத்திருந்த குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினார். கட்டிடத்தைக் கடக்கும்போது மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா? தண்ணி!"

"இதோ ஆச்சு சார்!" என்று அண்ணாந்து பதில் சொல்லிவிட்டு, தோளில் நிறைகுடத்தோடு மாடிப்படியைத் தாண்டி மோட்டார் அறைக்கு ஓடினார். குடம் முழுவதையும் பம்புக்குள் ஊற்றினார். சுவிட்சைப் போட்டார்.

மேடையில் தலைவர், "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீருக்காக எங்கள் தாய்மார்கள்…" என்று குரல் தழுதழுக்க நிறுத்திய இடத்தில் வாசல் குழாய் இருமியது. துரு கக்கியது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. தாய்மார்கள் பஞ்சத்தை மறந்து குடத்தோடு பாய்ந்தார்கள்.

"நான்தாண்டி முன்னாடி நின்னேன்!"

"டிரம்மக் கொண்டாந்து வச்சிட்டா குழாய் உங்க வீட்டு சொத்தா?"

மெக்கானிக்கின் மனைவி மட்டும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அதிகாரி நெடுநேரம் கழித்து இறங்கி வந்தார். குழாயைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நல்லாத்தானே ஓடுது."

எங்களுக்கு வர இருந்த புதிய மோட்டார் வேறு ஊருக்குப் போனது. எங்களுக்கு அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, பழையது நின்ற பிறகு பார்க்கலாம் என்றார்கள். அது நிற்கவில்லை. நின்றாலும் மெக்கானிக் விடுவதில்லை.

அன்று சாயங்காலம் மனைவி அரிசி டின்னிலிருந்து பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சண்டை போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தாளுக்குத் தண்ணிதானே வேணும்? கையில ஒரு குடம் வச்சிருந்தீங்களே. அத அப்படியே மாடிக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம்ல?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். அது அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

"மோட்டார் இருக்கும்போது குடத்துல குடுத்தா மரியாதையா இருக்காதேன்னு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள்.

எங்கள் பழைய மோட்டாரின் தண்ணீர் சங்கக் கட்டிடத்தின் மாடிக்கும் ஏறாது. அதிகாரி காரில் ஏறியபோது அவரிடம் கைக்குட்டை இல்லை.