மஞ்சள் பொத்தான்

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் காலை ஏழரை மணிக்கு மெலெனாய்தே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை. அவளுடைய அமைச்சரிடமிருந்து வந்த ஒற்றை வரியை அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். 'எதிர்த்து வாக்களிக்கவும்.'

"முடிஞ்சுபோச்சு வாஷிங்டன். என்மேல கோவிச்சுக்காதீங்க."

வாஷிங்டன் பெரியேல், ஜெனீவாவில் உருகுவே நாட்டுத் தூதரகத்தின் ஆலோசகர். நான் அவருக்குக் கீழே செயலாளர். அவர் பெயரைக் கேட்டு அமெரிக்கர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு வாஷிங்டன் உண்டு. மெலெனாய்தே தென்கடலில் ஒரு தீவு நாட்டின் தூதர். தூதர், எழுத்தர், தட்டச்சர் எல்லாம் அவள் ஒருத்திதான். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

தீர்மானம் இரண்டு பக்கம். ஆணை நேசித்த ஆணும், பெண்ணை நேசித்த பெண்ணும், பிறந்த உடலுக்கு மாறாக வாழ்பவரும் அதற்காக அடிபடக் கூடாது, சிறைக்குப் போகக் கூடாது; எங்கே அப்படி நடக்கிறது என்று விசாரித்துச் சொல்ல ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஒருவரை நியமிக்க வேண்டும். பேரவையில் நாற்பத்தேழு நாடுகள். என் கணக்கில் ஆதரவு இருபத்தொன்று, எதிர்ப்பு இருபது, நடுநிலை ஐந்து. மிச்சம் இருந்தது மெலெனாய்தே. அவள் எதிர்ப்புக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சமநிலை; சமநிலை என்றால் தீர்மானம் விழுந்தது. நடுநிலைக்கான மஞ்சளை அழுத்தினால்கூட ஒரு வாக்கில் பிழைத்துவிடும்.

ஐந்து மாதமாக வாஷிங்டன் இதற்காகக் கதவு கதவாக நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அவர் பாடம் எடுத்ததில்லை. ஒரு தூதர் முகத்துக்கு நேரே, "உங்க ஊரு வியாதிய எங்களுக்கு ஏன்யா ஒட்டவைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாஷிங்டனோ அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் கழித்து ஒரு சொல்லையும் இரண்டு காற்புள்ளிகளையும் மாற்றிக்கொண்டு வந்தார். அந்த நாடு சிவப்பிலிருந்து நடுநிலைக்கு வந்தது. அப்படி வென்றதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இப்போதும் அவர் வாதாடவில்லை. சுரைக்குடுக்கையில் எங்கள் ஊர் மாத்தே இலையை நிரப்பி, வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார். "குடிங்க. கசக்கும்."

அவள் ஒரு மிடறு உறிஞ்சி முகத்தைச் சுளித்தாள். "இதையா நாள் முழுக்கக் குடிக்கிறீங்க? அதான் இவ்வளவு பொறுமை."

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். "எனக்கு ஒருத்தி இருக்கா. தம்பியாப் பிறந்து தங்கச்சியா வளர்ந்தவ. லோசா. எங்க வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சர்ச் பாட்டுக்குழுவுல முன்வரிசை. கப்பல்ல சமையல் வேலைக்குப் போனா. வேற ஒரு நாட்டுத் துறைமுகத்துல இறங்கி நடந்தவள போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு. நாலு நாள். கையை முறிச்சுட்டாங்க. இப்போ சட்டியத் தூக்க முடியல அவளால."

"இது உங்க அமைச்சருக்குத் தெரியுமா?"

"அவளைத் தெரியும். அவரு மக கல்யாணக் கேக்கு அவ செஞ்சதுதான். கை உடைஞ்சது தெரியாது. மேலதிகாரிகிட்ட வீட்டுக் கதைய எப்படிச் சொல்றது?"

"தீர்மானத்தைப் பத்தி ஒண்ணும் பேசாதீங்க," என்றார் வாஷிங்டன். "இத மட்டும் சொல்லுங்க."

அவள் ஊரில் அப்போது மாலை. எங்கள் தொலைபேசியிலிருந்தே கூப்பிட்டாள். அவர்கள் மொழி எனக்குப் புரியவில்லை. லோசா என்ற பெயர் மட்டும் நான்கு முறை காதில் விழுந்தது. வைத்தபின் உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"அந்தக் கேக்கு செஞ்ச பொண்ணான்னு கேட்டாரு. நாளைக்குச் சொல்றேன்னு வெச்சிட்டாரு."

அவள் போனபிறகு வாஷிங்டனைக் கேட்டேன். "நீங்களும் ரூபெனும் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்து, சட்டம் வந்ததும் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க. அத ஏன் யாருகிட்டயும் சொல்றதே இல்ல?"

"என் கதை நல்லபடியா முடிஞ்சிருச்சு, நிப்யா. லீவுக்கு ஊருக்கு, சால்ட்டோவுக்குப் போனா, ஆரஞ்சு மரத்துக்கு யாரு தண்ணி விடறதுன்னுதான் எங்களுக்குள்ள சண்டை. அதக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போவுது? முடியாத கதையத்தான் பேசணும்."

மறுநாள் மதியம்வரை பதில் வரவில்லை. பேரவைக் கூடத்தில் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தலைவர் வாக்கெடுப்பை அறிவித்த அதே நொடியில் அவள் மேசையில் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. அமைச்சரின் செய்தியாகத்தான் இருக்க வேண்டும். வாஷிங்டன் என் மணிக்கட்டைப் பிடித்தார். மெலெனாய்தே செய்தியைத் திறக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பைக்குள் போட்டு, பையை மூடினாள். பிறகு மஞ்சள் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள்.

பலகையில் எண்கள் வந்தன. இருபத்தொன்று, இருபது, ஆறு.

பின்வரிசைகளில் சிலர் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாஷிங்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத கண்களால் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் வந்து கை குலுக்கினார்கள். "அவ எங்க?" என்றார் திடீரென்று.

அவள் இருக்கை காலி. நாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினோம்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், புல்வெளியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கைப்பேசி காதில் இருந்தது; மறுமுனையில் அமைச்சராகத்தான் இருக்க வேண்டும். ஏரியிலிருந்து வந்த காற்று பாவாடையை அலைக்கழிக்க, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக நின்றாள். ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த வளாகத்தில் திரியும் மயில்களில் ஒன்று தோகையை ஈரப் புல்லில் இழுத்தபடி அவளை நோக்கி நேராக வந்தது. பேச்சை நிறுத்தாமலே அவள் ஓரடி பின்வாங்கி, அது கடந்து போக வழி விட்டாள்.